மார்புக்குக் கதிர்வீச்சு தொடங்கும் நேரத்தில் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

பட்டர்வொர்த் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். வயது 51. இரண்டு மாதத்துக்கு முன்பு என் இடது மார்பில் இருந்த சின்னப் புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். மார்பை எடுக்கவில்லை, கட்டியை மட்டும்தான். அக்குளுக்குப் பரவவில்லை, கீமோ வேண்டியதில்லை, ஆனால் கதிர்வீச்சு 15 தடவை கட்டாயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டேன். அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறு இடத்தில். போன வியாழக்கிழமை ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் பேசி முடித்ததும் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். வேறு ஒரு தாதி வந்தார், கையில் 11 பக்கத் தாள். ஓர் ஆய்வு நடக்கிறதாம், அதற்கு நான் பொருத்தமானவளாம். கதிர்வீச்சுக்கு முன்னால் இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், முடிந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டு முறை கேள்வித்தாள் நிரப்ப வேண்டும், ஒரு குழாய் இரத்தம் கொடுக்க வேண்டும். அப்புறம் என் ஸ்கேன் படங்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினார். தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இரண்டும் எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் மூன்றாவது பக்கத்துக்குமேல் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பேனாவை நீட்டியபோது கை வரவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவசரமில்லை, அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு இதயத்திலும் ஏதோ இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறார்களா? முடியாது என்று சொன்னால் டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவாரா? ஏற்கெனவே 15 தடவை கதிர் வாங்கப்போகிற உடம்புக்கு எம்.ஆர்.ஐ. வேறு எதற்கு? என் மாமியார் "உடம்பைச் சோதனைக்குக் கொடுக்காதே" என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறார். கணவர் உன் விருப்பம் என்கிறார். அதுவும் எனக்கு உதவியாக இல்லை.

இன்னொன்று, சின்ன விஷயமாகத் தோன்றலாம். எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கல்யாணமாகி 26 வருடத்தில் அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான் ஒரு தடவை கழற்றினேன். அன்றைக்கே அழுதேன்.

இந்த மாதிரி ஆய்வில் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


செந்தூல் ரயில்காரர் எழுதியது:

டீச்சர், முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்தாயிற்று, அதுவே பெரிய விஷயம்.

எனக்கு 67. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2021இல் புரோஸ்டேட் புற்றுநோய் என்று சொன்னார்கள். கோலாலம்பூரில்தான் சிகிச்சை, கதிர்வீச்சு 20 தடவை. அப்போது என்னையும் ஓர் ஆய்வில் சேரக் கேட்டார்கள், சேர்ந்தேன். சிகிச்சைக்கு முன்னால், நடுவில், முடிந்த பிறகு என்று கூடுதலாக மூன்று எம்.ஆர்.ஐ. நீங்கள் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் கதையில் முக்கியமானது கையெழுத்து இல்லை, எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே நடந்தது. உள்ளே விடுவதற்கு முன் ஒரு தாள் கொடுப்பார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதுக்குள் கருவி வைத்திருக்கிறீர்களா, தலையில் கிளிப் போட்டிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். அதில் ஒன்று, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதுண்டா என்பது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்த பெண்பிள்ளை தாளைப் பார்த்துவிட்டு, என் கைகளைப் பார்த்துவிட்டு, "பாக்சிக் டுலு கெர்ஜா அபா?" (ஐயா முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?) என்று மலாயில் கேட்டாள். பட்டறையில் வேலை, கிரைண்டிங் என்றேன். உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 1986 வாக்கில் சாணைக்கல்லில் பிடித்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் பொறி பட்டது. கண்ணாடி போடவில்லை, அந்தக் காலத்தில் யார் போட்டார்கள். கூட வேலை செய்த அண்ணன் ஒருவர் கைக்குட்டை முனையை நாக்கில் நனைத்துத் துகளை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரண்டு நாள் கண் சிவந்திருந்தது, அப்புறம் மறந்தே போனேன்.

அந்தத் துகளில் ஒரு பொடி உள்ளே தங்கியிருந்தால், காந்தம் அதை இழுத்துக் கண்ணையே கெடுத்துவிடும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அன்றைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. கண் குழிக்கு எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டு நாள் கழித்து உள்ளே விட்டார்கள். அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைப்பேன். ஆகவே டீச்சர், அந்தத் தாளை அவசரத்தில் நிரப்பாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது வெல்டிங், லேத் வேலை செய்து நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால்கூடச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், சத்தம் அதிகம். ஆணி அடிப்பது போல, பிறகு டிரில் போடுவது போல, பிறகு கொஞ்சம் அமைதி. காதுக்குப் பஞ்சும் ஹெட்போனும் கொடுப்பார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், அமுக்கினால் நிறுத்தி வெளியே எடுத்துவிடுவார்கள். இரண்டாவது தடவை நான் அமுக்கினேன். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. யாரும் திட்டவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தேன்.

ஏன் சேர்ந்தேன் என்று கேட்டால், டாக்டர் ஒன்று சொன்னார். முன்பெல்லாம் என் நோய்க்கு 37 நாள் கதிர்வீச்சாம். 20 நாள் போதும் என்பது பிரிட்டனை மையமாக வைத்து நடந்த ஓர் ஆய்வில் தெரிந்தது, 3,216 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள், 2016இல் முடிவு வெளியானது என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு நாளும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 17 நாள் எனக்கு மிச்சம். அந்த 3,216 பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் படுத்த படுக்கைக்கு நான் என்ன கொடுத்தேன்? மூன்று ஸ்கேன் என்றால் மூன்று ஸ்கேன், போட்டேன் கையெழுத்தை.


பிறை மகன் எழுதியது:

ஐயா சொல்வது நல்ல அனுபவம். எங்களுக்கு நடந்தது வேறு. அதையும் டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு 72, தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் மட்டும்தான். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. நான் வண்டியை நிறுத்தப் போன நேரத்தில் அம்மாவிடம் பெருவிரல் ரேகை வாங்கிவிட்டார்கள். என்ன தாள் என்று அம்மாவுக்குத் தெரியாது, "டாக்டர் கேட்டாங்க, வச்சேன்" என்றார். சிகிச்சை முடிந்த பிறகு ஸ்கேனுக்கு வாருங்கள் என்று மூன்று முறை அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் நான் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு. மூன்றாவது தடவை போனபோதுதான் இது சிகிச்சைக்கு இல்லை, ஆய்வுக்கு என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

எனக்கு ஆய்வின்மேல் கோபம் இல்லை. முறையாகக் கேட்டிருந்தால் அம்மா சந்தோஷமாகவே சரி என்றிருப்பார். தமிழில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. விலகிக்கொள்கிறோம் என்று சொன்னோம், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் டாக்டர் அம்மாவை முன்பு போலவே கவனித்தார், அதைச் சொல்லாவிட்டால் தப்பு. டீச்சர், முகம் சுளிப்பாரா என்று பயப்பட வேண்டாம். ஆனால் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


கதிர் அறைத் தங்கை எழுதியது:

அக்கா, நான் கோலாலம்பூரில் கதிர்வீச்சுப் பிரிவில் 16 வருடமாக வேலை செய்கிறேன். நோயாளிகளைப் படுக்கையில் படுக்கவைத்து, கோடு பார்த்து, இயந்திரத்தை இயக்குவது எங்கள் வேலை. உங்கள் ஆய்வு எது என்று எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

இதயத்தில் ஏதோ கண்டுபிடித்து மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். இடது மார்புக்குக் கதிர் வைத்தால் பக்கத்திலேயே இதயம் இருக்கிறது, அதனால்தான் இதயத்தைப் படம் பிடிக்கிறார்கள். ஆழமாக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பழக்குவார்கள், கவனித்திருப்பீர்கள். மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரை விட்டு விலகிப்போகும். அந்த இடைவெளி விரல் அளவுதான், ஆனால் அதற்குள் இதயத்துக்குப் போகும் கதிர் நன்றாகக் குறைந்துவிடும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கும் ஆய்வுதான் காரணம். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்புக்குக் கதிர்வீச்சு எடுத்த 2,168 பெண்களின் பழைய பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2013இல் வந்தது. இதயத்துக்குச் சராசரியாகப் போகும் கதிர் ஒரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கூடினால், மாரடைப்பு மாதிரியான பெரிய இதய நோய் வரும் வாய்ப்பு, ஏற்கெனவே இருப்பதன்மேல் 7.4 விழுக்காடு ஏறுகிறது என்று அதில் தெரிந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை அக்கா. அது பழைய காலத்து முறை, இன்றைக்கு இதயத்துக்குப் போவது அதைவிட மிகவும் குறைவு. நான் சொல்ல வந்தது என்னவென்றால், ஆஸ்பத்திரிகள் அந்தப் பெண்களின் சிகிச்சைத் தாள்களைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. உங்கள் ஸ்கேன் படங்களுக்கு அனுமதி கேட்பதும் இதற்குத்தான். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எடுத்துவிட்டுக் குறியீடு போட்டு வைப்பார்களா என்று கேளுங்கள்.

உங்கள் 15 நாளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. முன்பு 25 நாள். பிரிட்டனில் 1999இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 2,215 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு 25 நாள், பாதிப் பேருக்கு 15 நாள். பத்து வருடம் பார்த்த பிறகும் 15 நாள் எடுத்தவர்கள் எதிலும் பின்தங்கவில்லை. பிறகு 4,096 பேர் சேர்ந்த இன்னோர் ஆய்வில் ஒரே வாரத்தில் 5 தடவை போதுமா என்று பார்த்தார்கள், ஐந்து வருட முடிவு 2020இல் நல்லபடியாக வந்தது. இவற்றில் நம் ஊர் முகங்கள் கிடையாது. எனக்கு அது எப்போதுமே குறையாகத் தெரியும். நம் பெண்களுக்குச் சர்க்கரை அதிகம், அதைச் சேர்த்துப் பார்த்தால் இதயம் எப்படி இருக்கிறது என்பதை நம் பெண்களிடமிருந்துதானே தெரிந்துகொள்ள முடியும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான். சி.டி. ஸ்கேன் என்றால் வேறு, அதில் எக்ஸ்ரே கதிர் உண்டு. மார்புக்கு ஒரு சி.டி. எடுத்தால் ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட், அது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு. மண், காற்று, வானம் எல்லாம் சேர்த்து மனிதருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வந்துகொண்டிருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வுக்காகச் சி.டி. ஏதாவது கூடுதலாக உண்டா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு மை ஊசி (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் போடும் மருந்து) போடுவார்களா என்றும் கேளுங்கள். போட்டால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். சர்க்கரையோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இந்த 11 பக்கத்தில் எப்படியும் எனக்கு நடக்கப்போவது எது, ஆய்வுக்காக மட்டும் நடப்பது எது? இதற்குத் தெளிவாகப் பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள். படத்தில் எதிர்பாராமல் வேறு ஏதாவது தெரிந்தால் என்னிடம் சொல்வீர்களா, போகவர ஆகும் செலவு யாருடையது, இந்த ஆய்வால் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, இதெல்லாம் அதற்குப் பிறகு. ஆய்வு எம்.ஆர்.ஐ.யால் உங்களுக்கு நேரடிப் பலன் இருக்கும் என்று எதிர்பார்த்துச் சேர வேண்டாம், இல்லாமலும் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும், பல்கலைக்கழக ஆஸ்பத்திரி என்றால் அவர்களின் சொந்தக் குழு. அந்தக் குழுவின் தொலைபேசி எண் தாளின் கடைசியில் இருக்கும். கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு நகல் உங்களுக்குக் கட்டாயம் வர வேண்டும்.

பிறை மகன், உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் படித்து வயிறு எரிந்தது. வாசிக்க முடியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி. நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வரும்வரை காத்திருப்பது பெரிய காரியமே இல்லை.

தாலி விஷயத்துக்கு வருகிறேன், சின்ன விஷயம் இல்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் சங்கிலி சூடாகலாம், மார்புக்கு நேரே இருப்பதால் இதயப் படத்தையும் கெடுக்கும். எங்களுக்குப் பெரிய பயம் தங்கத்தைவிட ஊக்கு. நம் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டிவைப்பார்கள், ரவிக்கைக்கு உள்ளேயும் ஒன்று இருக்கும். அது இரும்பு, பாய்ந்துவிடும். போன வருடம் ஒரு பாட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்றார். உடை மாற்றும் அறையில் நான் தடவிப் பார்த்தபோது உள்பாவாடை நாடாவில் ஓர் ஊக்கு இருந்தது. இடுப்பில் தாயத்து இருந்தாலும் கழற்ற வேண்டும், உள்ளே தகடு இருக்கும். அழகுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்று தோலுக்கு அடியில் சூசுக் என்ற மெல்லிய மந்திர ஊசி வைத்திருப்பவர்களும் இந்த நாட்டில் உண்டு. அப்படி யாராவது இருந்தால் எங்களிடம் தனியாகச் சொன்னால் போதும், நாங்கள் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டோம்.

தாலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். வெறும் நூலும் மஞ்சளும் உள்ளே வரலாம். எங்கள் பிரிவுக்கு வரும் அம்மாக்கள் பலரும் அப்படித்தான் வருகிறார்கள். முதல் நாளே அந்தப் பிரிவில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கதிர்வீச்சு தொடங்கிய பிறகு, கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் போட்ட கோடு அழியக்கூடாது. அந்தச் சில வாரம் எண்ணெய்க் குளியல் வேண்டாம் அக்கா.


பட்டர்வொர்த் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் போய்வந்தேன்.

தங்கை சொன்ன கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டே போனேன். அந்தத் தாதி கேட்டதும் மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் மார்க்கர் ஒன்றை எடுத்து, ஆய்வுக்கு மட்டும் உள்ளதை எல்லாம் என் கண்ணெதிரே கோடு போட்டுக் காட்டினார். 11 பக்கத்தில் மஞ்சள் விழுந்தது ஏழே இடம். இரண்டு எம்.ஆர்.ஐ., ஒரு குழாய் இரத்தம், இரண்டு கேள்வித்தாள், படங்களுக்கு அனுமதி, மிச்ச இரத்தத்தை வருங்கால ஆய்வுகளுக்குச் சேமித்து வைக்க அனுமதி. கூடுதல் சி.டி. இல்லை. மை ஊசி உண்டு, அதற்கு முன் சிறுநீரகச் சோதனை செய்வார்கள். கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

தமிழில் இந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். பிறை மகனின் அம்மாவை நினைத்துத்தான் கேட்டேன். உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். இருந்திருக்கிறது, யாரும் கேட்டதில்லையாம். வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியாருக்கு முதல் பக்கத்திலிருந்து சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். முடிந்ததும், "நடுவுல வேண்டாம்னா வந்துடலாம்னு போட்டிருக்கே, அப்ப சரி" என்றார்.

இரத்தத்தைச் சேமிப்பதற்கு மட்டும் நான் டிக் போடவில்லை. அதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும் என்றேன், அது தனிக் கட்டம், பரவாயில்லை என்றார்கள். மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்து வரும் எம்.ஆர்.ஐ.யைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் சரி என்றார்கள். நகல் என் கோப்பில் இருக்கிறது.

செந்தூல் ஐயா, கண்ணைப் பற்றிய கேள்விக்கு நிதானமாக யோசித்துத்தான் பதில் எழுதினேன். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார், சின்ன வயதில் சாணைக்கல் பக்கத்தில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அதையும் சொன்னேன். கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார்கள்.

முதல் எம்.ஆர்.ஐ. வரும் திங்கள் காலை 8.30க்கு. மாமியார் மஞ்சள் கயிறு வாங்கிவைத்துவிட்டார். தாலிக்கொடியில் எண்ணிப் பார்த்தேன், நான்கு ஊக்கு இருந்தது. நான்கையும் கழற்றித் தையல் டப்பாவில் போட்டுவிட்டேன்.